காரைக்குடியில் 50 படுக்கை: பெட்டியா, காங்கிரீட்டா?

காரைக்குடிப் பக்கம் 50 படுக்கையில் ஒரு மருத்துவமனை கட்ட இன்றைக்கு மூன்று வழிகள். வழக்கம்போல் தூண் எழுப்பித் தளம் போடலாம். தொழிற்சாலையில் அறை அறையாகச் செய்த பெட்டிகளை டிரெய்லரில் கொண்டுவந்து கிரேனால் அடுக்கலாம். அல்லது கட்டடத்தை இங்கேயே எழுப்பிவிட்டு, குழாய், ஏசிக் காற்று போகும் டக்ட், ஆபரேஷன் தியேட்டர் சுவர் ஆகியவற்றை மட்டும் வெளியில் செய்து பொருத்தலாம்.

வேகத்தில் பெட்டியை அடிக்க ஆளில்லை. அஸ்திவாரம் இங்கே நடக்கும்போதே அறைகள் அங்கே தயாராகும். 2020-ல் வூஹானில் 1,000 படுக்கை ஹுவோஷென்ஷான் மருத்துவமனை சுமார் பத்து நாளில் எழுந்தது அப்படித்தான். ஆனால் அது தொற்றுக் காலத்து அவசரம். நமக்கு வேண்டியது முப்பது நாற்பது வருஷம் நிற்கும் கட்டடம்.

பெட்டியின் சிக்கல் அகலத்தில் இருக்கிறது. கப்பல் கண்டெய்னரையே அறையாக்கினால் அதன் உள் அகலம் சுமார் 2.35 மீட்டர். மருத்துவமனை நடைபாதைக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பதோ குறைந்தது 2.4 மீட்டர். பெட்டியையே அகலமாகச் செய்யலாம். ஆனால் சாலையில் 2.6 மீட்டரைத் தாண்டினால் தனி அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கச் சுவரை வெட்டி இரண்டு பெட்டிகளை ஒட்ட வேண்டும். ஐப்பசி மழை முதலில் ஒழுகுவது அந்த ஒட்டில்தான். இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி, அதையே ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் ஊரில் நான் சொல்லத் தேவையில்லை. கத்திரி வெயிலில் கரண்ட் போனாலோ, நம் பழைய வீட்டுச் சுவர் தாங்குவதுபோல் அந்த மெல்லிய பேனல் தாங்காது.

காங்கிரீட்டுக்குக் கொத்தனார் பக்கத்திலேயே இருக்கிறார், பின்னால் பழுது பார்க்கவும் ஆள் கிடைக்கும். கோளாறு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆக்ஸிஜன் குழாய்க்காரர் என்று முதலில் வந்தவர் இடத்தைப் பிடித்துக்கொள்வார். கடைசியில் வரும் ஏசிக்காரரிடம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய டக்ட் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் மணிக்கு 20 முறையாவது காற்று மாற வேண்டுமே! அப்புறம் என்ன, பீமில் துளை போடுவார்கள்.

கட்டடம் முழுவதையும் கணினியில் முன்கூட்டியே கட்டிப் பார்க்கும் பிம் (BIM) எனப்படும் டிஜிட்டல் மாடல் காசை மிச்சப்படுத்துவது இங்கேதான். எந்தக் குழாய் எந்த பீமில் இடிக்கிறது என்பது தளம் போடுவதற்கு முன்பே திரையில் தெரிந்துவிடும். அந்த அளவு கையில் இருந்தால் நடைபாதைக் கூரைக்கு மேல் போகும் குழாய், டக்ட், கேபிள் எல்லாவற்றையும் ஒரே இரும்புச் சட்டத்தில் கீழேயே பூட்டி, அப்படியே தூக்கி மாட்டலாம். அமெரிக்காவின் ஒஹையோவில் மியாமி வேலி மருத்துவமனையின் புதிய கட்டடத்துக்கு இப்படிச் செய்தார்கள்.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. தொழிற்சாலையில் முழுதாகச் செய்து வரும் ஆயத்தக் குளியலறை மட்டும் வேண்டாம். ஒரே அச்சில் நூற்றுக்கணக்கில் வார்த்தால்தான் அது கட்டுபடியாகும். 50 படுக்கைக்குக் கொத்தனாரே போதும். வாஸ்து பார்ப்பவர் வாசலை மாற்றச் சொல்வதாக இருந்தால் மாடல் முடிவதற்குள் சொல்லிவிடட்டும். கட்டி முடித்தபடி திருத்திய மாடலை ஒப்படைத்தால்தான் கான்டிராக்டருக்குக் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.