அப்பாவின் உஷா மெஷின்: இத்தனை வருஷம் ஓட்டியதில் தெரிந்தது

அம்மாவுடைய பழைய தையல் மெஷின் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது, பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டுப் புதுசாக ஒன்று வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். என் பதில், போடாதீர்கள். ஆனால் அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது உஷா. கறுப்பு உடம்பு, தங்க நிற எழுத்து, இரும்பு ஸ்டாண்டு, காலால் மிதிப்பது. அப்பா மதுரை புது மண்டபத்தில் தையல்காரராக இருந்தார். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம்தான், பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் பாத்திரக் கடை, புத்தகக் கடை, இன்னொரு பக்கம் கல்தூணுக்குத் தூண் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், சேலை வாங்கின கையோடு அங்கேயே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு சாமி கும்பிடப் போனவர்கள் உண்டு. இப்போது கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அப்பா அதற்கு முன்பே தொழிலை நிறுத்திவிட்டார், மெஷின் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. நான் தொழில்முறை டெய்லர் இல்லை. பகலில் கணக்கு எழுதுகிற வேலை, ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்தான் மெஷின். என் ஜாக்கெட், பிள்ளைகளின் பாவாடை சட்டை, தலையணை உறை, திரைச்சீலை, அக்கம்பக்கத்தில் கேட்டால் அவர்களுக்கும் கொஞ்சம்.

முதலில் இந்த மெஷினின் பெரிய பலத்தைச் சொல்லிவிடுகிறேன். இது உஷாக்காரர்கள் உட்கார்ந்து யோசித்த வடிவமே இல்லை. சிங்கர் கம்பெனி 1800களின் கடைசியில் கொண்டுவந்த 'கிளாஸ் 15' என்கிற மாடலின் வழிவந்தது. ஜப்பான், சீனா, இந்தியா என்று எல்லோரும் அதையே பார்த்துச் செய்ததால் பாபின் (அடிநூல் சுற்றுகிற உருளை), அதை வைக்கிற பாபின் கேஸ், ஊசி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. என் பாபின் கேஸ் தேய்ந்தபோது மாடலைச் சொல்லி எங்கும் தேடவில்லை, தெருமுனை தையல் சாமான் கடையில் "காலால மிதிக்கிற மெஷினுக்கு" என்றதும் எடுத்துக் கொடுத்தார். ஊசியும் அப்படித்தான். மெல்லிய துணிக்கு 11ஆம் நம்பர், சாதாரண பருத்திக்கு 14, கனமானதற்கு 16. அட்டையில் 90/14 என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அந்த 90 என்பது ஊசியின் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்பதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது, எதுவும் மூடிக் கிடக்காது. மெஷின் தலையைப் பின்பக்கம் சாய்த்தால் அதன் வயிறு முழுக்கத் தெரியும், எந்தக் கம்பி எதைத் தள்ளுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அப்பா எனக்குத் தைக்கச் சொல்லிக்கொடுத்ததே இதில் ஆரம்பித்துத்தான். துணியைக் கையில் தரவில்லை, சாய்த்துப் போட்டு ஒரு பழைய பல்துலக்கும் பிரஷைக் கொடுத்து, துணியை நகர்த்துகிற பற்களுக்கு அடியில் சேர்ந்திருக்கிற பஞ்சை எடுக்கச் சொன்னார். அப்புறம் நூல் இல்லாமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டச் சொன்னார். "ஊசியப் பாக்காதம்மா, பாதத்தோட ஓரத்தப் பாரு" என்பார், பாதம் என்பது துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம். இது இன்றைக்கும் யார் தைக்கக் கற்றுக்கொண்டாலும் நான் சொல்வது. ஊசி மேலும் கீழும் குதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கோடு வளைந்துதான் போகும். பாத ஓரமும் துணி ஓரமும் ஒட்டிப் போகிறதா என்று மட்டும் பார்த்தால் நேராக வரும்.

டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், அந்த விஷயத்தில்தான் பாதிப் பேர் மெஷினை வெறுத்துவிடுகிறார்கள். துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் எல்லோரும் பாபினைத்தான் நோண்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் மேல்நூலில் இருக்கும். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல்நூலை முழுக்க எடுத்துத் திரும்பக் கோத்துவிடுங்கள், பாதம் தூக்கியிருந்தால்தான் டென்ஷன் தட்டு இரண்டும் விலகி நூல் நடுவில் போய் உட்காரும். முக்கால்வாசி அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் அப்பா செய்வது இது: பாபின் போட்ட கேஸை வெளியே எடுத்து, நூல் நுனியைப் பிடித்துத் தொங்கவிடுவார். கேஸ் தானாகச் சரசரவென்று இறங்கினால் தளர்ச்சி. கையை லேசாக உலுக்கினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். பலமாக உலுக்கினாலும் அசையவில்லையென்றால் இறுக்கம். பக்கவாட்டில் இருக்கிற குட்டித் திருகை ஒரு பிசிறு அளவுக்குத் திருப்பினால் போதும், முழுச் சுற்று சுற்றக்கூடாது.

எண்ணெய். தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நம் வீடுகளில் கைக்குக் கிடைப்பது அதுதான், நாளடைவில் பிசினாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். அப்படி இறுகிப்போன மெஷின் யாராவது கொண்டுவந்தால் அப்பா ஓட்டைகளில் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, கறுப்பாக வெளியே வருவதைத் துடைத்துவிட்டுத்தான் மெஷின் ஆயில் விடுவார். அதன்பிறகு வேண்டாத துணியில் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் பட்டு ஜாக்கெட்டில் கறை பட்டுவிடும்.

தோல் பெல்ட் நாளாக நாளாகத் தளரும். நீங்கள் மிதிப்பீர்கள், கீழ்ச்சக்கரம் சுற்றும், மேலே வழுக்கும். கொக்கியைக் கழற்றி, கால் அங்குலமோ அரை அங்குலமோ வெட்டி, கோணூசியால் ஓட்டை போட்டு மறுபடி மாட்ட வேண்டியதுதான். நான் நடுவில் ஒரு சின்ன மோட்டார் போட்டேன், ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிந்தது. நீளமான திரைச்சீலை ஓரம் அடிக்க அது நல்ல சுகம். ஆனால் ஜாக்கெட் கழுத்து, கைத்துளை திருப்பும்போது பெல்ட்டை மாற்றி மிதிக்குத்தான் வருகிறேன். காலில் ஒரே ஒரு தையல் மட்டும் போட முடியும், அந்த மோட்டாரில் அது முடியவில்லை. மின்சாரம் போனாலும் கவலை இல்லை என்பது கூடுதல்.

கனமான துணி, வழுக்கும் துணி எப்படி என்று கேட்பார்கள். அப்பா இருந்த காலத்தில் சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் புது மண்டபத்தில் அழகருக்கு வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பு குவியும், சிவப்பு, பச்சை வெல்வெட், ஓரமெல்லாம் சரிகை. வெல்வெட் இரண்டு மடிப்பு வைத்தால் மேல் மடிப்பு நகர்ந்துகொண்டே போகும், கடைசியில் ஒரு விரல் அகலம் மிச்சம் நிற்கும். அப்பா மெஷின் தலைக்கு மேல் இருக்கிற பாத அழுத்தத் திருகைத் தளர்த்துவார், கையால் ஓட்டுத்தையல் போட்டுக்கொள்வார், மயிர் படிகிற திசையிலேயே தைப்பார். இதே முறையில் நான் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ராஜா உடுப்பு தைத்துக் கொடுத்தேன், ஒரு இழை நகரவில்லை. ஜீன்ஸ் கால் மடிக்கவும் இந்த மெஷின் போதும், 16 ஊசி போட்டு, தடித்த இடத்தில் மட்டும் கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுங்குடிச் சேலையில் டாப்ஸ் தைப்பவர்கள் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். இதற்கும் மெஷினுக்கும் சம்பந்தமில்லை, சொல்லத் தோன்றியது.

இனி குறைகள். டி-ஷர்ட், லெகின்ஸ் மாதிரி இழுபடும் துணிக்கு இது சரிவராது. நேர்த்தையல் மட்டும்தான், இழுத்தால் நூல் அறுந்துவிடும். சேலை ஓரத்துக்குப் போடுகிற பீக்கோ வராது, பட்டன் துளைக்கான காஜா வராது, துணி ஓரம் பிசிறாமல் அடிக்கிற ஓவர்லாக் கிடையாது. பிசிறை உள்ளே மடித்துத் தைக்கிற பொறுமை வேண்டும், அல்லது கடையில் கொடுத்து ஓவர்லாக் அடித்துக்கொள்ள வேண்டும். சத்தம் உண்டு, மாடி வீட்டில் ராத்திரி பத்து மணிக்குமேல் நான் தொடுவதில்லை. இடத்தை அடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மிதி வேண்டாம்.

இந்தக் குறைகளுக்காகவே பிளாஸ்டிக் உடம்பு வைத்த ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து தைக்கிற) மெஷின் ஒன்றும் வாங்கினேன். பெயர் வேண்டாம். இழுபடும் துணிக்கும் காஜாவுக்கும் நன்றாகவே உழைத்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் பாபின் சுற்றுகிற இடத்துப் பல் தேய்ந்ததும், அந்த ஒரு துண்டுக்காக சர்வீஸ் ஆளுக்குப் போன்மேல் போன் போட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. திறந்து பார்க்கலாமென்றால் கவர் கழற்றவே ஒரு படிப்பு வேண்டும். அந்தத் துண்டு வரும்வரை பாபினை உஷாவில் சுற்றிக் கொடுத்துத்தான் ஓட்டினேன், நல்ல வேளையாக இரண்டுக்கும் ஒரே பாபின் பொருந்தியது.

மெஷின் ஒரு பக்கம் இருக்கட்டும், அப்பாவிடமிருந்து எனக்கு வந்ததில் தினமும் கை கொடுப்பது ஜாக்கெட்டின் பக்கவாட்டில் உள்ளே துணி விடுகிற பழக்கம்தான். ஒன்றரை அங்குலம் விட்டு, மூன்று வரி தையல் போடுவார். உடம்பு பூசினால் ஒரு வரியைப் பிரித்துக்கொள்ளலாம். இப்போது கடைகளில் அரை அங்குலம் விட்டு ஓவர்லாக் அடித்துத் தந்துவிடுகிறார்கள், பிரசவத்துக்குப் பிறகு அத்தனை ஜாக்கெட்டும் வீண். 80 சென்டிமீட்டர் பிட்டில் இதற்கெல்லாம் இடம் எங்கே என்பார்கள். துணியை விரித்து, ஜாக்கெட் கைக்கான பாகத்தை எந்தப் பக்கம் வைத்து வெட்டினால் மிச்சம் வரும் என்று கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன் அவர் சாக்பீஸோடு நின்று யோசிப்பாரே, அந்த நேரத்தில்தான் இடம் கிடைக்கும்.

வீட்டில் பழைய மெஷின் இல்லாமல் வெளியே வாங்குகிறவர்கள், பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், மேலே பூசியிருப்பார்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள், எங்கேயும் தட்டாமல் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஊசித்தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் தேய்ந்தது. பலகையின் அடிப்பக்கம் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். மெல்லியது ஒன்று, தடித்தது ஒன்று என்று இரண்டு துணித்துண்டு கையோடு கொண்டுபோய், கடைக்காரரையே நூல் கோத்து இரண்டிலும் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் நல்லா ஓடும்மா" என்று வாயால் மட்டும் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.