செயற்கைக்கோளுக்கு மின்சாரக் கணக்கு: எக்செல், ஜிமேட், பைத்தான் மூன்றையும் புழங்கிய அனுபவம்

சின்ன செயற்கைக்கோள்களுக்கு எத்தனை சோலார் செல், எவ்வளவு பேட்டரி என்று கணக்குப் போடுவது சில வருடங்களாக என் வேலை. லைசென்ஸுக்குக் காசு கொட்டும் வசதி எங்கள் குழுவுக்கு இல்லை. ஓர் எக்செல் ஷீட், சுற்றுப்பாதையைக் கணக்கிட நாசா இலவசமாகத் தரும் ஜிமேட் மென்பொருள், கொஞ்சம் பைத்தான் நிரல், அவ்வளவுதான்.

எக்செல்லை மட்டமாக நினைக்க வேண்டாம். 500 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 95 நிமிடம். அதில் அதிகபட்சம் 36 நிமிடம் பூமியின் நிழல். சராசரி லோடு 6 வாட் என்று வைப்போம். பேட்டரி வழியாகப் போகும் மின்சாரத்துக்கு 65 சதவீதம், பேனலிலிருந்து நேராகப் போவதற்கு 85 சதவீதம் என்று வழக்கமாக எடுக்கும் திறன் எண்களைப் போட்டால், வெயிலில் பேனல் 12.7 வாட் தந்தாக வேண்டும். லோடைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! பேட்டரியில் கால்வாசிதான் இறங்கலாம் என்றால் எடுக்கும்போது ஆகும் இழப்பையும் சேர்த்து சுமார் 16 வாட்-மணி பேட்டரி தேவை. இவ்வளவும் நாலைந்து கட்டங்களில் முடிந்துவிடும்.

ஆனால் இதெல்லாம் சராசரி. மாதச் சம்பளம் செலவுக்குச் சரியாக இருக்கும். 25ஆம் தேதி கையில் காசு இருக்குமா என்பது வேறு கேள்வி. அதே செயற்கைக்கோள் நிழலில் போகும்போது டிரான்ஸ்மிட்டர் கூடுதலாக 20 வாட் இழுத்து 8 நிமிடம் ஓடினால், பேட்டரியில் 40 சதவீதத்துக்கும் மேல் இறங்கிவிடும். ஒரு நாளில் இப்படி ஓரிரு முறைதான் நடக்கும் என்பதால் சராசரி லோடு அசையவே அசையாது. ஷீட்டில் எல்லாம் பச்சையாகவே தெரியும். நிமிடத்துக்கு நிமிடம் ஓட்டிப் பார்க்கும் பைத்தான் ஸ்கிரிப்டில்தான் அந்தப் பள்ளம் கண்ணில் படும்.

நிழல் நேரத்துக்கு ஜிமேட்டை நம்பலாம். முழு நிழல், அரை நிழல் இரண்டையும் தொடங்கும் நேரம், முடியும் நேரத்தோடு பட்டியலாகத் தந்துவிடும். பூமியின் பகல்–இரவு எல்லையை ஒட்டியே போகும் விடியல்–அந்தி சுற்றுப்பாதை என்றால் எப்போதும் வெயில்தான் என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள். இஸ்ரோவின் ரிசாட்-1 போன 536 கி.மீ., காலை 6 / மாலை 6 பாதையை ஓட்டிப் பாருங்கள்: வருடத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்ச நேரம் நிழல் வரும். ஜிமேட்டில் சோலார் மின் அமைப்பு என்றே ஒரு பகுதி இருக்கிறது; அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மின் உந்துவிசைக்காக, அதாவது விண்கலத்தை மின்சாரத்தால் நகர்த்தும் எஞ்சின்களுக்காக, எழுதியது. சூரியனிலிருந்து உள்ள தூரம், வருடாந்திரத் தேய்மானம், நிழல் எல்லாம் உண்டு. பேட்டரி மட்டும் கிடையாது.

எனக்கு அதிகம் பயன்பட்டது வெப்பநிலையைச் சேர்த்த பிறகுதான். பேனலை நேராக பேட்டரியோடு கட்டுவதா, பேனலிலிருந்து எப்போதும் அதிகபட்ச மின்சாரத்தை இழுக்கும் எம்.பி.பி.டி. கருவியை நடுவில் வைப்பதா என்று வரும் சண்டையில் பலர் பேனலுக்கு ஒரே வெப்பநிலை போட்டுவிட்டு, "வித்தியாசம் பெரிதில்லை, நேராகவே கட்டு" என்பார்கள். நிழலிலிருந்து வெளியே வரும் பேனல் மைனஸ் 60 டிகிரி வாக்கில் உறைந்து கிடக்கும். விண்வெளியில் வழக்கமாகப் போடும் மூன்று சந்தி (மூன்று அடுக்கு) காலியம் ஆர்சனைடு சோலார் செல்லில் டிகிரிக்கு சுமார் 6 மில்லிவோல்ட் மாறும். 28 டிகிரியில் 2.4 வோல்ட் தரும் செல் அந்தக் குளிரில் 2.9ஐத் தாண்டும், 70 டிகிரிக்குச் சூடானதும் 2.15 பக்கம் விழும். வெளியே வந்த முதல் சில நிமிடங்களில் கிடைக்கும் அந்தக் கூடுதல் மின்சாரத்தை எம்.பி.பி.டி. அள்ளிக்கொள்ளும், நேராகக் கட்டினால் பேனல் பேட்டரியின் மின்னழுத்தத்துக்கே கட்டுப்பட்டிருக்கும், அது போச்சு. அந்த நேரத்தில் பேட்டரியும் காலியாக இருக்கும் என்பதால் ஒவ்வொரு வாட்டும் முக்கியம். வெப்பநிலை இல்லாத மாடலை வைத்து இந்த இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

செல்லின் மின்னோட்ட–மின்னழுத்த வளைவுக்கு பிவிலிப் என்ற பைத்தான் நிரல் நூலகத்தை எடுத்துக்கொண்டேன். நல்ல நூலகம், ஆனால் தரையில் நிற்கும் பேனலுக்காக எழுதியது. அதன் அடிப்படை ஒளி அளவு சதுர மீட்டருக்கு 1000 வாட். விண்வெளி செல்களின் டேட்டாஷீட்டோ 1367 வாட்டில் அளந்திருக்கும். இதை மாற்றாமல் ஓட்டினால் வரும் எண் பார்க்க நம்பும்படியாகவே இருக்கும் என்பதுதான் தொல்லை.

மாடலைச் சரிபார்க்க, வியாழனுக்குப் போன நாசாவின் ஜூனோ விண்கலத்தை ஓட்டிப் பார்க்கலாம். பூமிக்கருகே சுமார் 14 கிலோவாட் தரக்கூடிய அதன் பேனல்கள், சூரியனிலிருந்து பூமியைப் போல 5.2 மடங்கு தூரத்தில் உள்ள வியாழனை அடைந்தபோது சுமார் 500 வாட்தான் தந்தன. வெறும் தூர வர்க்கத்தால் வகுத்தாலே 518 வருகிறது. அதைப் பார்த்து மாடல் பிரமாதம் என்று குதிக்காதீர்கள். குளிரில் மின்னழுத்தம் கூடுவதும், மங்கலான ஒளியிலும் கதிர்வீச்சிலும் செல் இழப்பதும் ஒன்றையொன்று ஈடுகட்டிக்கொள்வதால் அப்படி வருகிறது. அதனால் இந்த மாடல்கள் கக்கும் தனி எண்ணை நான் பத்து சதவீதம் தள்ளியே வைக்கிறேன். இரண்டு வடிவமைப்பில் எது மேல் என்று கேட்டால் அது சொல்வதை எடுத்துக்கொள்கிறேன், இரண்டுக்கும் ஒரே அனுமானங்கள் இருக்கும் வரை.

பேட்டரி முதுமைக்கு மட்டும் என்னிடம் உருப்படியான மாடல் இல்லை. தாழ்ந்த பாதையில் நாளுக்கு 15 சுற்று, வருடத்துக்கு 5,500 சார்ஜ் சுழற்சி. ஆய்வகத்தில் அவ்வளவு ஓட்டிப் பார்க்க எங்களுக்கு நேரமும் இல்லை, அறையும் இல்லை. அதனால் பேட்டரியில் கால்வாசிக்கு மேல் இறங்கக் கூடாது என்ற அந்த 25 சதவீதத்தை ஷீட்டில் பூட்டி, பாஸ்வேர்டு போட்டு வைத்திருக்கிறேன்.