குசினிச் சுவர் ரைல்ஸ்: 7 வருடம் துடைத்த பிறகு

2018இல் கோண்டாவில் வீட்டுக் குசினியைத் திருத்தியபோது, அடுப்புக்கும் சிங்குக்கும் பின்னால் இரண்டடி உயரத்துக்கு வெள்ளை ரைல்ஸ் பதித்தோம். நாலங்குலச் சதுரம்தான் வடிவு என்று அடம்பிடித்தது நான். மேசன் பெரிய ரைல்ஸ் வாங்கச் சொன்னார். கேட்டிருக்கலாம். சின்ன ரைல்ஸ் என்றால் இடைக்கோடுகள் கூட, அழுக்கு போய் ஒளிவதும் அங்கேதான்.

முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் மீன் பொரித்த எண்ணெய்யும் தூள் வறுத்த புகையும் மஞ்சள் பிசினாக ஒட்டத் தொடங்கின. அதைவிடத் தொல்லை எங்கள் கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கேத்திலுக்குள் படிகிற அதே வெள்ளை, ஈரத்தோடு விட்ட சுவரிலும் படியும். எண்ணெய் என்று நினைத்து நான் சவர்க்காரம் போட்டுத் தேய்த்ததில் பாதி சுண்ணாம்புதான்.

"தேசிக்காய்ப் பாதியாலை தேய் பிள்ளை, பளிச்செண்டு வரும்" என்றார் அம்மா. வந்தது. தேசிக்காய் இல்லாத நாளில் வினாகிரி. ஆனால் இடைக்கோட்டுப் பூச்சும் சீமெந்துதானே? படிவைக் கரைக்கிற புளிப்பு அதையும் அரித்துவிட்டது. மூன்றாம் வருடம் கோடுகள் மணலாக உதிர, அடுப்புப் பக்கத்தைச் சுரண்டி, சீமெந்துக்குப் பதிலாக எபொக்சி என்ற செயற்கைப் பிசின் பூச்சை நிரப்பினோம். விலை கூடத்தான், கறை உள்ளே இறங்குவதில்லை. சிங்க் பக்கம் இன்னும் பழைய சீமெந்து. அங்கே வினாகிரியை ரைல்ஸின் நடுவில் மட்டும் தொட்டுத் தேய்த்து உடனே கழுவிவிடுகிறேன். பிளீச் போடுகிற நாளில் வினாகிரிப் போத்தலைத் தொடுவதே இல்லை. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

இப்போது தினமும் செய்வது சின்ன வேலை. சமையல் முடிந்ததும், எண்ணெய் இறுகுவதற்குள், சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டுத் துணியால் துடைப்பேன். பிறகு காய்ந்த துணியால் ஒருமுறை. அந்த இரண்டாவது துணி வந்த பிறகுதான் வெள்ளைப் படிவு நின்றது. இறுகிய பிசினுக்கு அப்பச்சோடாவைக் களியாகக் குழைத்துப் பூசி, 10 நிமிடம் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். கம்பிநார் வேண்டாம், மினுக்கத்தைக் கீறிவிடும். மஞ்சள்தூள் கறைக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை, யன்னல் வெயிலே மங்கவைத்துவிடும்.

தோற்றது ஒரே இடத்தில். சுவரும் மேடையும் சேரும் மூலையில் தண்ணீர் இறங்காமல் இழுத்த சிலிக்கோன் பசை கறுத்துக்கொண்டே வருகிறது. வெட்டி எடுத்துப் புதிதாக இழுத்தோம், இரண்டு தடவை.