லிஸ்டர் மில்ஸ், பிராட்ஃபோர்ட்: பட்டாலைக்குள் அமைந்த வீடுகள்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில், மானிங்ஹாம் மேட்டின் மீது நிற்கும் லிஸ்டர் மில்ஸ் ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பட்டாலையாக விளங்கியது. 1992இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த அதனை அர்பன் ஸ்பிளாஷ் என்னும் நிறுவனம் 2000க்குப் பிறகு பகுதி பகுதியாகக் குடியிருப்பாக மாற்றியது. இங்கே வீடு தேடுவோர் அறைகளின் அளவைக் கேட்பதற்கு முன் ஆலையின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இவ்வீடுகளின் நிறையும் குறையும் அதிலிருந்தே பிறக்கின்றன.

முந்தைய ஆலை 1871இல் தீக்கிரையானதால், சாமுவேல் கன்லிஃப் லிஸ்டர் இப்போதுள்ள கட்டடங்களை மணற்கல்லால், இத்தாலியப் பாணியில் எழுப்பினார். 249 அடி உயரப் புகைபோக்கி இன்றும் நகரின் அடையாளமாக இருக்கிறது. மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளிய கழிவுப் பட்டிழையை நூலாக்கும் முறையைக் கண்டு பெருஞ்செல்வம் சேர்த்தவர் அவர். 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவுக்கான வெல்வெட் துணி இங்குதான் நெய்யப்பட்டது.

அரச வெல்வெட்டைவிட எனக்கு முக்கியமாகப்படுவது 1890 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம். அமெரிக்கா விதித்த மெக்கின்லி இறக்குமதி வரியைக் காரணம் காட்டி நிர்வாகம் கூலியைப் பெரிய அளவில் வெட்ட முனைந்தபோது, பெண்கள் பெருவாரியாக இருந்த தொழிலாளர் கூட்டம் குளிர்காலம் முழுவதும் தாக்குப்பிடித்து, 1891 ஏப்ரலில் தோற்றுத் திரும்பியது. அந்தத் தோல்வியின் கசப்புக்கு, 1893இல் இதே நகரில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி உருவானதில் பெரும் பங்கு உண்டு.

மாற்றியமைத்தவர்களின் வேலையைப் பாராட்டத்தான் வேண்டும். இயந்திரங்களுக்காகக் கட்டிய உயரமான தளங்களையும், நெசவுக்கு வெளிச்சம் தந்த பெரிய சன்னல்களையும் வீடுகளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளாகத்தின் ஒரு கட்டடமான வெல்வெட் மில்லின் கூரைமேல் கண்ணாடியும் எஃகுமாக அமைந்த மாடி வீடுகள், பழமையைப் போலி செய்யாமல் புதியவை புதியவையாகவே தெரிவது எனக்குப் பிடித்திருந்தது. ஆயினும் அகலமான ஆலைக் கட்டடத்தில் உள்பக்கத்துக்கு வெளிச்சம் எட்டுவது எளிதல்ல. சன்னலை விட்டு விலகியுள்ள அறைகளைப் பகலில், விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது அவசியம்.

வாங்க நினைக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சென்னையில் ஃபிளாட் வாங்கினால் பிரிக்கப்படாத நிலப் பங்கு நம் பெயருக்கு வரும். இங்கிலாந்திலோ அடுக்கக வீடுகள் பொதுவாக நீண்டகாலக் குத்தகை உரிமையாகவே விற்கப்படுகின்றன. அத்துடன், இது பாதுகாக்கப்பட்ட வரலாற்றுக் கட்டடம் என்பதால் சன்னலை மாற்றக்கூட உள்ளாட்சியின் அனுமதி தேவைப்படலாம், பராமரிப்புச் செலவும் சாதாரணக் கட்டடத்தைவிட அதிகமாகலாம். குத்தகையில் மீதமுள்ள ஆண்டுகளையும் கடந்த சில ஆண்டுகளின் பராமரிப்புக் கட்டணக் கணக்கையும் வழக்கறிஞர் மூலம் எழுத்தில் பெற்ற பிறகே முன்பணம் கொடுக்கலாம்.