பாய் இல்லாத வாட்ச் கடை: இப்போதும் நம்பிக் கொடுக்கலாம்

சென்னை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் எந்தக் கடையில் கேட்டாலும் பிராட்வே வாட்ச் பாய் கடைக்கு வழி சொல்வார்கள். பிரகாசம் சாலை என்று போர்டு இருந்தாலும் எங்களுக்கு அது பிராட்வேதான். போன வருஷம் பாய் தவறிவிட்டார். கடை இருக்கிறதா, வேலை எப்படி என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

கடை என்று சொன்னாலும் அது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடம்தான். கண்ணாடி பதித்த மேசை, குனிந்த டேபிள் லைட், ஒரு ஸ்டூல். கண்ணில் லென்ஸை இடுக்கிவிட்டால் பாய் நிமிர மாட்டார், குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பார். ஹைகோர்ட் வக்கீலோ கோடவுன் தெரு ஜவுளிக்காரரோ வண்டி தள்ளுகிறவரோ, யாராக இருந்தாலும் முதலில் வந்தவருக்குத்தான் முதலில் வேலை.

என் அப்பாவின் எச்எம்டி ஜனதா, தேய்மானத்தைக் குறைக்க உள்ளே 17 பொடிக் கல் பதித்த, சாவி கொடுக்கிற வாட்ச், திடீரென்று ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முந்த ஆரம்பித்தது. வேறொரு கடையில் உள்மெஷினையே மாற்ற வேண்டும் என்றார்கள். பாயிடம் கொண்டுபோனேன். டிராயரிலிருந்து சின்ன திசைகாட்டி ஒன்றை எடுத்து வாட்ச் பக்கத்தில் வைத்தார். முள் இப்படியும் அப்படியும் ஆடியது.

"காந்தம் ஏறியிருக்கும்மா. ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சீங்களா?"

வாட்ச் ஓடும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருள் கம்பிதான் ஹேர்ஸ்பிரிங். அதில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் குட்டையான மாதிரி ஆகி, வாட்ச் ஓட்டம் பிடிக்கும். கம்பி சுற்றிய ஒரு சின்னப் பெட்டியில் வாட்சை வைத்து, பட்டனை அழுத்திக்கொண்டே மெதுவாக வெளியே இழுத்தார். அவ்வளவுதான், திசைகாட்டி முள் அசையவில்லை. வந்ததே வந்தோம், சர்வீஸும் செய்துவிடுங்கள் என்றேன். எண்ணெய் இன்னும் காயவில்லை, ரெண்டு வருஷம் போகட்டும் என்று சொல்லிவிட்டார். காசும் வாங்கவில்லை.

அன்றைக்குப் பின்மூடியின் உள்பக்கத்தைக் காட்டினார். ஊசியால் கீறிய பொடி எழுத்தில் 3/87 என்று இருந்தது. அப்பா அப்போது கொடுத்ததும் இவரிடம்தான். ரசீது என்று எதுவும் தர மாட்டார், கணக்கெல்லாம் மூடிக்குள்ளேதான்.

எச்எம்டி வாட்ச் தொழிலை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதற்கு வெகு முன்பே பாய் உடைந்த ஜனதா, பைலட் என்று எச்எம்டி மாடல்களையெல்லாம் வாங்கிப் பிரித்து பிஸ்கட் டப்பாக்களில் சேர்த்துவைத்திருந்தார். இன்றைக்கும் கடை ஓடுவது அந்த டப்பாக்களால்தான்.

இப்போது உட்கார்ந்திருப்பவர் அவருடைய தம்பி மகன், அவரிடமே தொழில் பழகியவர். மாமாவின் பைலட் கீழே விழுந்து நின்றுபோனதால் அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். ஹேர்ஸ்பிரிங்கோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடும் சக்கரமான பேலன்ஸ் வீலின் அச்சு உடைந்திருக்கிறது என்று லென்ஸைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். அச்சு மாற்றி, முழுக்கப் பிரித்துக் கழுவி, எண்ணெய் விட்டுத் தர 900 ரூபாய். இப்போது நாளுக்கு அரை நிமிஷம்கூடப் பிசகுவதில்லை. இவரும் மூடிக்குள் தேதி கீறுகிறார்.

குறை என்றால் நேரம்தான். செவ்வாய் என்றால் சனிக்கிழமைதான் கைக்கு வரும், போன் அடித்தால் எடுக்க மாட்டார். பாய் மாதிரி பேச்சும் கிடையாது. பாய் ஊர்க்கதை முழுக்கச் சொல்வார், டிராம் ஓடிய காலத்தை அவருடைய வாப்பா சொன்னபடியே நடித்துக் காட்டுவார். அதைக் கேட்கவே பேட்டரி மாற்ற வந்து நிற்பவர்கள் உண்டு. நானும் எத்தனையோ சாயங்காலம் நின்றிருக்கிறேன். அது இனி கிடைக்காது, மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சாவி கொடுக்கிற வாட்சோ ஆட்டோமேட்டிக்கோ வைத்திருந்தால் தயங்காமல் போங்கள். ஸ்மார்ட் வாட்சை இப்போது இருக்கிற தம்பி மகன் தொட மாட்டார். மாற்றிய பழைய பார்ட்டைக் கேட்காமலே காகிதத்தில் மடித்துத் தருவார். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார், மூன்று மணிக்கு மேல் போனால் சரியாக இருக்கும். ஞாயிறு லீவு.