வலிப்புக்குக் கருவி: கழுத்து நரம்பிலா, மூளைக்குள்ளா?

நான்கு மருந்து மாற்றியும் என் தம்பிக்கு மாதம் ஏழெட்டு முறை வலிப்பு வந்துகொண்டிருந்தது. பெங்களூரில், ஓசூர் சாலை நிம்ஹான்ஸில் வீடியோ இஇஜி (ஆளைப் படம்பிடித்தபடியே மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை) எடுத்தபோது, வலிப்பு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளம்புகிறது என்று தெரிந்தது. ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் அந்த இடத்தை அகற்றும் அறுவை சிகிச்சையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த வழி அடைபட்டதும் மிஞ்சியவை, கழுத்து நரம்பை மின்சாரத்தால் தூண்டும் விஎன்எஸ், மூளைக்குள்ளேயே தூண்டும் டிபிஎஸ் என்ற இரண்டு கருவிகள்தான். மண்டை ஓட்டிலேயே பதிக்கும் ஆர்என்எஸ் கருவிக்கு அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. எங்களிடம் சொல்லப்பட்ட பட்டியலில் அது இல்லை.

எண்களை மட்டும் பார்த்தால் டிபிஎஸ் முந்துகிறது. மண்டையில் துளையிட்டு, மூளையின் ஆழத்தில் உள்ள தாலமஸ் என்ற பகுதியின் முன்பக்கத்தில் இரு புறமும் கம்பி வைப்பார்கள். சான்டே என்ற ஆய்வில் 5 ஆண்டு முடிவில் வலிப்பு, இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு இதற்கு மேல், பாதிப் பேருக்கு இதற்குக் கீழ்), 69 சதவீதம் குறைந்திருந்தது. விஎன்எஸ்ஸில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் வலிப்பு பாதிக்குக் குறைகிறது, அதுவும் மெல்ல மெல்ல. ஆனால் டிபிஎஸ்ஸில் சிலருக்கு மனச்சோர்வும் ஞாபகக் குறைவும் வருகின்றன. தம்பி அப்போது சி.ஏ. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். சரி, அதையும் யோசித்தோம்.

முடிவைத் தீர்மானித்தது பேட்டரி. நாங்கள் முதலில் போன ஒரு தனியார் மருத்துவமனையில் கருவியின் விலையைச் சொன்னார்கள். பேட்டரி தீர்ந்தால் நெஞ்சைத் திறந்து கருவியையே மாற்ற வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அந்தச் செலவும் லட்சக்கணக்கில்தான். டிபிஎஸ்ஸில் சார்ஜ் செய்யும் வகை 15 ஆண்டு வரை வரும் என்றாலும், தவறாமல் சார்ஜ் போட வேண்டும். வலிப்பு வந்து இரண்டு நாள் சோர்ந்து படுக்கிறவனுக்கு அந்த ஒழுங்கு சரிப்படுமா என்று அம்மா கேட்டாள். விஎன்எஸ்ஸில் சார்ஜே இல்லை. மின்சாரம் எவ்வளவு கூட்டி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பேட்டரி சில ஆண்டுகள் ஓடும். மாற்றும்போது கழுத்துக் கம்பியைத் தொடாமல் நெஞ்சில் உள்ள கருவியை மட்டும் மாற்றலாம்.

அதனால் விஎன்எஸ்ஸையே வைத்தோம். இன்னொன்று, வைத்த பிறகுதான் புரிந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, முப்பது விநாடி, தம்பியின் குரல் கரகரக்கும். போனில் பேசும்போது அந்த முப்பது விநாடி பேச்சை நிறுத்திக் காத்திருப்பான். அதுதான் இந்தக் கருவியின் தொல்லை. வீட்டிலேயே அதைச் சோதிக்க வழியும் அதுதான். மாதம் ஒருநாள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் காந்தத்தை, கருவி இருக்கும் இடது நெஞ்சின் மேல் ஒரு தடவு தடவுவான்; தடவினால் கருவி உடனே ஒருமுறை ஓடும். "கரகரங்குது, ஓடுதுக்கா" என்பான். கருவி நின்றுபோனது தெரியாமல் இருந்து, வலிப்பு வந்து அறிந்துகொள்ள வேண்டியதில்லை. வலிப்பு தொடங்கி உதடு சப்புக்கொட்ட ஆரம்பிக்கும்போது நானும் அந்தக் காந்தத்தைத் தடவுவேன். சில நேரம் அடங்குகிறது, சில நேரம் இல்லை. சித்தப்பா மகள் கல்யாணத்தில் மேடையேறிப் பேசியபோது, காந்தத்தைத் தடவாமல், சட்டைக்குள் கருவியின் மேலேயே டேப் போட்டு ஒட்டிக் கருவியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தோம். அப்புறம் மறக்காமல் எடுத்துவிட்டேன்.

மூன்று ஆண்டு ஆகிறது. மாதம் ஏழெட்டு என்பது இரண்டு மூன்றாகியிருக்கிறது, மாத்திரை தொடர்கிறது. டிபிஎஸ் வைத்துக்கொண்ட ஒருவரோடும் நான் பழகியதில்லை, அந்தப் பக்கம் நான் சொல்வது மருத்துவர் சொன்னதும் படித்ததும்தான். எங்கள் பேட்டரி மாற்றும் நாளும் இன்னும் வரவில்லை. போன மாதம் பார்த்தபோது பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.