பல்சர் 150ஐக் குடுத்து எஃப்.செட் எடுத்தது: வன்னி ரோட்டில ரெண்டையும் ஓடின அனுபவம்

பஜாஜ் பல்சர் 150ஐ மாத்தி யமஹா எஃப்.செட்-எஸ் எடுத்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆகுது. ரெண்டுமே செக்கன்ட் ஹான்ட். "எது அண்ணை திறம், நானும் மாத்தினால் நல்லமோ" எண்டு கேக்கிற பெடியள் கூடிட்டினம், அதால ஒருக்கா முழுசா எழுதிவிடுவம் எண்டு நினைச்சன். ஷோரூமில நிக்கிற புது பைக்குக்கு றிவியூ கனக்கக் கிடக்கு, பத்து வருசம் ஓடி மூண்டு கை மாறின பைக் எங்கட பக்கத்து ரோட்டில என்ன செய்யுது எண்டு எழுதுறவை குறைவு.

முதல் நான் ஓடுற ரோட்டைச் சொல்லோணும், இல்லாட்டி மிச்சக் கதை விளங்காது. வீடு புதுக்குடியிருப்பில, வேலை கிளிநொச்சியில. உடையார்கட்டு, விசுவமடு, தருமபுரம் தாண்டிப் பரந்தன் சந்தியில ஏ9 ஏறுறது, நல்ல காப்பெற் ரோட்டு. வயல் முத்தையன்கட்டுப் பக்கம், அதுக்குள்ள இறங்கினால் கிறவலும் மணலும் வாய்க்கால் வரம்பும் தான். மாமியாக்கள் முல்லைத்தீவு டவுனில, அங்க போறதெண்டால் வட்டுவாகல் பாலம் தாண்டோணும். ஆக ஒரே கிழமைக்குள்ள காப்பெற், கிறவல், மணல் எல்லாத்திலயும் பைக் ஓடுது. இதோட பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஏ35 இல, அதான் பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில, படுத்துக் கிடக்கிற மாடுகளையும் சேத்துக்கொள்ளுங்கோ, இந்த மாடுகள் தான் நான் பைக் மாத்தினதுக்கே காரணம்.

பல்சரில எனக்கு ஒரு கோவமும் இல்ல. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு புது பைக் எண்ட கதையே இல்லாமல் போச்சு, பழைய பைக்குகளின்ர விலை ஏறின ஏத்தம் உங்களுக்குத் தெரியும், அந்த நேரம் முழுக்க என்னைக் கொண்டு திரிஞ்சது பல்சர் தான். 2022 இல பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் எண்டு தொடங்கினவங்கள் எல்லோ, அதுக்குள்ள ஏலுமானவரை வேலைக்கும் போய் வயலுக்கும் போனது பல்சர் லீற்றருக்கு 45 கிட்டக் குடுத்தபடியால் தான். எஞ்சினும் கல்லு மாதிரி. ரெண்டு பிளக் அதுக்கு, ஒண்டு வேலை செய்யாமல் போனாலும் இழுவை குறையுமே தவிர நடு ரோட்டில விடாது, வீடு வந்து சேரலாம்.

ஆனா ஒரு நாள் இருட்டுப் படுற நேரம் தருமபுரம் கழிஞ்சு வரேக்க ஒரு நாம்பன் வலப்பக்கப் பத்தைக்குள்ளால டக்கெண்டு ரோட்டுக்கு வந்திட்டுது. நான் அறுபதில தான் வந்தனான். பிரேக் பிடிச்சனான், பின் சில்லு ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போய் மாட்டின்ர வாலுக்குக் கிட்ட நிண்டுது. ஒண்டும் நடக்கேல்ல. அண்டைக்கு இரவு முழுக்க எனக்கு அது தான் யோசினை, மனுசியும் மகளும் பின்னால இருந்திருந்தால் எண்டு. அதுக்குப் பிறகு இழுவை, ரொப் ஸ்பீட், மைலேஜ் எல்லாத்தையும் விட்டிட்டு, பைக்கை நிப்பாட்டேக்க எது நேரா நிக்குது எண்டு மட்டும் தான் பாத்தன். பழைய பல்சருக்கு முன் ரயர் அகலம் 2.75 இஞ்சி, பின்னுக்கு 100 மில்லிமீற்றர். எஃப்.செட்டுக்கு முன்னுக்கு 100, பின்னுக்கு 140 ரேடியல். முன் டிஸ்க்கும் பெரிசு, முன் சொக் குழாயும் மொத்தம். பேப்பரில பாக்கவே வித்தியாசம் தெரியுது, எண்டாலும் ஓடிப் பாக்காமல் நம்பேலாது எண்டு தெரிஞ்ச பெடியன் ஒருவனின்ர எஃப்.செட்டை ஒரு நாள் வாங்கி அதே ரோட்டில அதே நேரம் ஓடினன், வெறும் ரோட்டில அறுபதில போய்ப் போய் பிரேக் பிடிச்சுப் பாத்தன். அதோட முடிவு எடுத்தாச்சு.

கியூஆர் எல்லாம் எடுபட்ட பிறகு, 2023 கடைசியில, வவுனியாவில ஒரு ஆள் எஃப்.செட்டைக் குடுத்துப் பல்சர் மாதிரி ஒண்டு எடுக்கத் தேடுறார் எண்டு அறிஞ்சன். அவருக்கு ரெண்டு பிள்ளையள், பின் சீற் காணாதாம். எனக்கு வேண்டாதது அவருக்கு வேணும், அவருக்கு வேண்டாதது எனக்கு வேணும், இப்பிடிச் சந்திக்கிறது குறைவு. மேலதிகமா ஒரு லட்சத்துக்குக் கிட்டக் காசு குடுத்தன், ரெண்டு பேருக்கும் திருப்தி.

மாத்துறவை இதைக் கொஞ்சம் கவனமா வாசியுங்கோ. பைக்கைப் பாக்கப் போறதெண்டால் காலமை போங்கோ, எஞ்சின் குளிரா இருக்கேக்க ஸ்டார்ட் பண்ணோணும், நீங்கள் போகேக்க சைலன்சர் சுட்டுக்கொண்டு நிண்டால் முதலே ஓடிச் சூடாக்கி வைச்சிருக்கினம் எண்டு அர்த்தம். பைக்கின்ர பதிவுப் புத்தகத்தில கிடக்கிற எஞ்சின் நம்பர், செசி நம்பர் ரெண்டையும் துணியால துடைச்சு பைக்கில வாசியுங்கோ. லீசிங் கம்பெனியின்ர பேர் புத்தகத்தில இன்னும் கிடக்கோ எண்டு பாருங்கோ. ரயரில நாலு இலக்கம் அடிச்சிருக்கும், முதல் ரெண்டும் கிழமை, பின் ரெண்டும் வருசம், 2319 எண்டால் 2019 ஆம் ஆண்டு 23 ஆம் கிழமை செய்தது. பூ நல்லாக் கிடக்கு எண்டு சொல்லுவினம், ரயர் பழசாகி இறுகிப் போயிருக்கும், மழைக்கு அது பிடிக்காது. ஓப்பன் பேப்பரில, அதான் பேர் மாத்தாமல் கையெழுத்து வைச்ச பேப்பரை மட்டும் குடுத்து வாங்கி, மாத்தாதேங்கோ. உங்கட பழைய பைக் உங்கட பேரிலயே ஊரெல்லாம் ஓடித் திரிய விட்டால் நாளைக்கு அது எங்க அடிபட்டாலும் உங்களைத் தான் கூப்பிடுவினம். நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாப் போய்ப் பேர் மாத்தினனாங்கள், அரை நாள் லீவு போனாலும் பரவாயில்ல.

வவுனியாவில இருந்து வரேக்க மாங்குளத்தால ஒட்டுசுட்டானுக்குத் திரும்பியிருந்தால் எனக்குக் கிட்ட, ஆனா எங்கட வீட்டில ஒரு வாகனமும் முறிகண்டிப் பிள்ளையார் வாசலுக்குப் போகாமல் படலைக்குள்ள வாறேல்ல. தேங்காய் அடிச்சு, சில்லுக்குக் கீழ தேசிக்காய் வைச்சு நசிச்சு, வீட்டுக்குக் கச்சானும் வாங்கிக்கொண்டு பரந்தனால வந்தன். அந்த ஏ9 ஓட்டத்திலயே கன விசயம் விளங்கிட்டுது.

முதலாவது இழுவை. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சீசீ, பல்சர் 149, எஃப்.செட் 153. கம்பெனிக் கணக்கில பல்சருக்குக் குதிரை வலு கொஞ்சம் கூட, ஆனா அது வாறது 9000 ஆர்பிஎம்மில. எஃப்.செட் தன்ர முழு முறுக்கத்தையும் 6000 இலயே தந்திடும். ஓட்டத்தில இது எப்பிடித் தெரியும் எண்டால், பல்சரில ஒரு ரக்டரை முந்திறதெண்டால் ஒரு கியர் குறைச்சு முறுக்கி சத்தம் ஏறினாப் பிறகு தான் பாயும், அந்தப் பாய்ச்சல் நல்ல சந்தோசம் தான், பொய் சொல்லக் கூடாது. எஃப்.செட்டில நாலாம் கியரிலயே நாப்பதில இருந்து சும்மா ஏறும், இறக்கத் தேவையில்ல. வட்டுவாகல் பாலத்தில ஒடுக்கத்துக்குள்ள எதிரில ஓட்டோ வந்தால் நிண்டு நிண்டு ஊரோணும், அந்த இடத்தில பல்சர் கிளச்சில தான் என்ர கை நோகும், எஃப்.செட் ரெண்டாம் கியரில தன்பாட்டில நகரும். ஆனா எண்பதுக்கு மேல போனால் எஃப்.செட்டுக்கு மூச்சு முட்டும், பல்சர் அதுக்கு மேலயும் போகும். நான் எண்பதுக்கு மேல ஓடுறேல்ல, பிள்ளை இருக்கு, மாடு இருக்கு, ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கம் இரவில யானையும் இருக்கு.

ரெண்டாவது தான் பெரிய விசயம், பிரேக்கும் வளைவும். எஃப்.செட்டில பிரேக்கை அமத்தினால் முன்பக்கம் பொசுக்கெண்டு இறங்காது, பின் சில்லு விலகாது, நேரா நிக்கும். வளைவில அகல ரயர் முதல் கொஞ்சம் பாரமாத் தெரியும், பல்சர் மாதிரி நினைச்ச உடன சாயாது, சாய்ஞ்சால் சாய்ஞ்ச இடத்திலயே நிக்கும். ஆடி மாதச் சோளகத்துக்கு ஆனையிறவுக்குப் பக்கத்தால பல்சரில போனவைக்குத் தெரியும், கடல் பக்கத்தால அடிக்கிற காத்துக்குப் பைக் ரோட்டின்ர மற்றக் கரைக்குப் போகப் பாக்கும், கான்டிலைப் பிடிச்சுப் பிடிச்சுத் தோள் நோகும். எஃப்.செட்டில அந்தக் கரைச்சல் பாதிக்குப் பாதி குறைவு. நெஞ்சில அடிக்கிற காத்து மட்டும் கூட, பல்சரில முன்னுக்கு இருந்த சின்னக் கண்ணாடியின்ர அருமை அப்ப தான் தெரியும்.

இனி எஃப்.செட்டின்ர மறுபக்கம். முத்தையன்கட்டு வாய்க்கால் ரோட்டில, மாரியில களி இளகின நேரம், ஒல்லி ரயர் களியை வெட்டிக்கொண்டு கீழ போய் இறுகின மண்ணைப் பிடிச்சிடும். 140 ரயர் மேலால வழுக்கும். உருள் கிறவலிலயும் அப்பிடித் தான், கல்லுக்கு மேல மிதந்துகொண்டு போற மாதிரி ஒரு உணர்வு, முப்பதுக்கு மேல போக மனம் வராது. பல்சரில அதே ரோட்டில நாப்பத்தைஞ்சில போவன், பின்னால யூரியா பையும் கட்டிக்கொண்டு. எஃப்.செட்டில பை கட்ட இடமும் இல்ல, பின் சீற் கட்டையா உயரமாக் கிடக்கு. சீலை உடுத்து ஒரு பக்கமா இருக்கிறவைக்கு அது சரிவராது, என்ர மனுசி கோயிலுக்குப் போற நாளில இதில ஏறமாட்டா. வட்டாப்பளைப் பொங்கலுக்கு தம்பியின்ர பஜாஜ் சீ.டி. 100 பைக்கில தான் போனனாங்கள். வயல் வேலைக்கும் இப்ப அந்த சீ.டி. தான். அது வீட்டில நிக்கிறபடியால் தான் எனக்கு எஃப்.செட் கட்டுப்படியாகுது, வீட்டுக்கு ஒரே ஒரு பைக் எண்டால் நான் மாத்தச் சொல்லமாட்டன், பல்சரையே வைச்சிருங்கோ.

இதில கிக்கர் கிடையாது. அப்பா முதல் நாளே சுத்திச் சுத்திப் பாத்திட்டு "உதைக்கிறதுக்கு ஒண்டும் இல்லையேடா" எண்டு கேட்டவர். அவர் சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடைக்குள்ள எம்.டி. 90 பைக்கை மண்ணெண்ணெயில ஓடினவர், சின்னக் குப்பியில கொஞ்சப் பெற்றோல் வைச்சிருந்து ஸ்டார்ட் எடுக்க மட்டும் சொட்டு விட்டு உதைப்பாராம். கிக்கர் இல்லாத பைக்கை அவர் நம்பமாட்டார், அதில நியாயமும் இருக்கு. பற்றரி இறங்கினால் தள்ளித் தான் ஸ்டார்ட் எடுக்கோணும், வெள்ளம் நிக்கிற ரோட்டில அது சும்மா வேலை இல்ல. நான் பற்றரியை மூண்டு வருசம் ஆகமுதலே மாத்துற எண்ணத்தில இருக்கிறன், நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோ.

எண்ணெய்க் கணக்கு: எஃப்.செட் எனக்கு லீற்றருக்கு 40 தருது, மனுசியும் பின்னால எண்டால் அதிலும் குறையும். ராங்க் 12 லீற்றர், பல்சருக்கு 15. முழுசா அடிச்சால் பல்சர் ஒரு கிழமைக்கு மேல ஓடும், இது ஓடாது.

சாமானுகள் விசயத்திலயும் பல்சர் லேசு, பஜாஜ் ஓட்டோ ஓடாத ஊர் இல்ல, அதோட பைக் சாமானும் எந்தச் சந்தியிலயும் கிடைக்கும். எஃப்.செட்டுக்கு சில சாமானுக்கு வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ சொல்லி எடுப்பிக்கோணும். ஆனா ரியூப் இல்லாத ரயர் எண்டது எங்கட பக்கத்துக்குப் பெரிய உதவி. வயல் பாதையில முள்ளு ஏறினாலும் காத்து உடன இறங்காது, கையில பஞ்சர் கிட் இருந்தால் நிண்ட இடத்திலயே திரி அடைச்சிட்டு வரலாம். பல்சரில சில்லைக் கழட்டி ரியூப் எடுக்கிறதுக்கு வெயிலுக்குள்ள கடை தேடித் தள்ளினது எல்லாம் இப்ப இல்ல. செயின் வெளியால கிடக்கிறபடியால் கிறவல் புழுதிக்குக் கிழமைக்கு ஒருக்கா துடைச்சு ஒயில் போடோணும், போடாட்டி சத்தம் வரும்.

இரவு லைட் என்ர எஃப்.செட்டில மங்கல், பழசாப் போன பைக், உள்கண்ணாடியும் மங்கிக் கிடந்தது. உடையார்கட்டுப் பக்கம் இருட்டில கறுத்த மாடு நிண்டால் கிட்ட வந்தாப் பிறகு தான் தெரியும், நல்லா நிக்கிற பைக்கை மாட்டுக்காக எடுத்திட்டு மாடு தெரியாட்டி என்ன பிரியோசனம். கராஜ்காரத் தம்பி உள்கண்ணாடியை மாத்தி, வயரிங்கையும் புதுசாப் போட்டுத் தந்தான், இப்ப பரவாயில்ல. எல்ஈடி குத்து லைட் பூட்டச் சொல்லிக் கன பேர் சொன்னவை, எதிரில வாற சைக்கிள்காரப் பிள்ளையளின்ர கண்ணைக் கட்டிப்போடும், அது எனக்கு விருப்பம் இல்ல.

இந்த மாரிக்கு முதல் பின் ரயர் மாத்தோணும். 140 விலை கூட எண்டு 120 போடச் சொல்லுறவை இருக்கினம், மைலேஜ் கூடும், களியிலயும் கொஞ்சம் நல்லம் எண்டு, அது உண்மையா இருக்கும். ஆனா ரிம் 140க்கு எண்டு செய்தது, நான் இந்த பைக்கை எடுத்ததே அந்த ரயரை நம்பி. வவுனியாவில 140 க்கே சொல்லி வைச்சிருக்கிறன், இந்த வருசத்து இலக்கம் அடிச்சது வந்தால் மட்டும் போன் பண்ணச் சொல்லியிருக்கு.